அறுபதாயிரம் யூனிட்டும் ஆறு வீடும்

அரசு மருத்துவமனையின் மருந்து கவுண்டரிலிருந்து ஓய்வு பெற்றவளை இனி யாரும் சீண்ட மாட்டார்கள், மத்தியானத்தில் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்திருந்தேன். எங்கே விட்டார்கள்! கல்யாணப் பந்தியில் இலையில் சாம்பார் விழுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் செல்போனை நீட்டுகிறார். "அக்கா, மகன் சிங்கப்பூர்லேருந்து குடுத்துவிட்டான். சத்து மாத்திரயாம். போடலாமா?" படத்தில் டப்பாவின் முன்பக்கம் மட்டும் இருக்கும். ஆரஞ்சுப் பழம், சூரியன், சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர். பின்பக்கத்தை எடுத்து அனுப்புங்கள் என்றால், "பின்னாடி பொடி எழுத்துதான இருக்கு" என்கிறார்கள். அட, அந்தப் பொடி எழுத்தில்தானே எல்லாம் இருக்கிறது!

இதை எழுதச் சொன்னவள் தேன்மொழி. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள். கீரமங்கலம் கடைத்தெருவில் உரக்கடையை ஒட்டிப் பெரிய பெரிய டப்பாக்களில் புரோட்டீன் பவுடர் விற்கும் கடை ஒன்று வந்திருக்கிறதாம். அங்கே வாங்கிக்கொண்டு நேராக இவளிடம் வந்து எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கிறார்களாம். "நம்ம மருந்தாளுநர் சங்க ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்கக்கா, நான் அத ஜெராக்ஸ் போட்டு ஒட்டிக்கிறேன்" என்றாள். சரி, எழுதுகிறேன். ஆனால் பாடம் நடத்தினால் எனக்கே தூக்கம் வரும். நடந்ததைச் சொல்கிறேன்.

நான் டிப்ளமோ படித்த கதையில் ருசி எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள். முதல் வேலை மீமிசல் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். அங்கே மீன் விற்கிற ராக்கம்மா என்பவர் ஒரு நாள் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "மருமகன் அனுப்புனாரு தாயி. மீன் எண்ணெ மாத்திரயாம்." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூடை நிறைய மத்தி மீனை வைத்துக்கொண்டு மீன் மாத்திரை போடுகிறவரை அன்றுதான் பார்த்தேன். பின்பக்கத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றது. அது மீன் எண்ணெய் இல்லை, மீன் ஈரல் எண்ணெய். மீனின் சதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் ஒமேகா என்கிற நல்ல கொழுப்பு இருக்கும். ஈரலிலிருந்து எடுப்பதில் அதோடு வைட்டமின் ஏ, டி இரண்டும் சேர்ந்து வரும். வீட்டில் மாசமாக இருந்த மகளுக்கும் அதையே கொடுக்கலாம் என்று ராக்கம்மா நினைத்திருந்தார். மாசமாக இருக்கிறவர்களுக்கு வைட்டமின் ஏ மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, மகளுக்கு மத்தியையே குழம்பு வைத்துக் கொடுங்கள் என்று அனுப்பினேன். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பொடி எழுத்துப் பைத்தியம்!

பிறகு எங்கள் தாலுகா மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்தேன். அங்கே தலைமை மருந்தாளுநர் சந்தானம் சார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, முகத்தில் எப்போதும் யாரோ கடன் கேட்டுவிட்டுப் போனது போன்ற ஒரு கடுகடுப்பு. முதல் நாளே நான் ஒரு பாட்டியிடம், "இது சத்து மாத்திரை, தினம் ஒண்ணு" என்று சொன்னதைக் கேட்டுவிட்டார். பாட்டி போனதும் என்னிடம் திரும்பினார்.

"ஏம்மா கோமதி, வயலுக்குப் போடுறதும் சத்துதான், மாட்டுக்கு வைக்கிறதும் சத்துதான். நீ எதக் குடுத்த?"

அதோடு அந்த வார்த்தைக்கு எங்கள் கவுண்டரில் தடை. இரும்பு என்றால் இரும்பு, கால்சியம் என்றால் கால்சியம். பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அடுத்து, எவ்வளவு, எதோடு, எத்தனை நாள். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகு மாத்திரைக் கவரைச் சன்னல் பலகையில் வைத்து அதன்மேல் தன் உள்ளங்கையைப் பொத்திவிடுவார். "திருப்பிச் சொல்லுங்க" என்பார். வந்தவர் சரியாகத் திருப்பிச் சொன்னால்தான் கை எழும்பும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. பின்னால் வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை போகும், முணுமுணுப்பார்கள், ஒருவர் கவுன்சிலர் பெயரைச் சொல்லி மிரட்டுவார். கை அசையாது. முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு பார்த்தேன், இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்கள் எங்கள் சன்னலில் குறைந்தார்கள். டீ இரும்பை உடம்பில் ஏறவிடாது, கால்சியமும் அப்படித்தான். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏறவைக்கும். இதைச் சுவரில் எழுதி வைத்தால் யாரும் படிப்பதில்லை. வாயால் சொல்ல வைத்தால் வீடு போய்ச் சேருகிறது.

அவர் விளக்குகிற அழகே தனி. சோறு, பருப்பு, எண்ணெய் மூன்றும் கிராம் கணக்கில், அதாவது கை நிறைய வேண்டியவை. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. அவை பெருஞ்சத்து. தேன்மொழி, உன் புரோட்டீன் பவுடர் இந்த வகைதான். பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற அதே புரதம் டப்பாவுக்குள் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது. இரும்பு, அயோடின், வைட்டமின்கள் எல்லாம் துளித்துளியாய் வேண்டியவை, நுண்சத்து. துளி என்பதால் அவற்றை மில்லிகிராமிலும், அதையும் ஆயிரமாகப் பிரித்து மைக்ரோகிராமிலும் அளக்கிறோம். சாப்பாட்டில் எட்டாததை மட்டும் இட்டு நிரப்புவதற்குப் பெயர்தான் சப்ளிமென்ட், துணைச்சத்து. துணைக்கு வந்தவர் வீட்டுக்காரராகிவிடக் கூடாது என்பது சந்தானம் சாரின் சட்டம்.

இனி அந்த யூனிட் விஷயம். டப்பாவில் ஐ.யூ. என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதவர் இல்லை. யூனிட் என்பது எடை அல்ல. உடம்பில் அது எவ்வளவு வேலை செய்யும் என்பதன் அளவு. எலும்புக்கு வைட்டமின் டி குறைந்தவர்களுக்குப் பாலில் கலந்து குடிக்க ஒரு சின்னப் பாக்கெட் தருகிறோமே, அதில் அறுபதாயிரம் யூனிட். அடேயப்பா என்கிறீர்களா? அந்த மருந்தை மட்டும் பிரித்துத் தராசில் வைத்தால் ஒன்றரை மில்லிகிராம்தான் நிற்கும். பார்வைக்குக் கடுகுகூட இல்லை. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது அறுநூறு யூனிட்டை ஒட்டித்தான். ஆக, அந்தப் பாக்கெட்டுக்குள் ஏறக்குறைய நூறு நாள் தேவை உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அதை வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் எழுதுகிறார்கள்.

இப்படி ஒரு பாக்கெட் வாங்கத்தான் கருப்பையா முதன்முதலில் எங்கள் சன்னலுக்கு வந்தார். கீரமங்கலம் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம், எங்கள் பேச்சில் கொல்லை, வைத்திருந்த பெரிய விவசாயி. இடுப்பு வலி, தொடை வலி. கூட வந்தவர் மூத்த மருமகள் லெட்சுமி. சார் கையைப் பொத்தினார். லெட்சுமி கணீரென்று ஒப்பித்தார். "வைட்டமின் டி. வாரத்துக்கு ஒண்ணு. சாப்புட்ட பெறகு பால்ல கலந்து. எட்டு வாரம்." சாரின் கை எழும்பியது. கருப்பையா குனிந்து சன்னலுக்குள் பார்த்து, "ஏன் சார், பாக்கெட்டுக்குள்ள தங்கம் கிங்கம் வச்சிருக்கீங்களா, இம்புட்டுப் பொத்திப் பொத்திக் குடுக்குறீங்க?" என்றார். சார் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அதே கருப்பையாவை ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, "தண்ணி, தண்ணி" என்று ஒரே புலம்பல். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. வெளிக்குப் போய் நாளாகிறது. எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது அவர் பேச்சுதான். கையைப் பிடித்துக்கொண்டிருந்த கடைசி மருமகள் மீனாவைப் பார்த்து, "நீ யாரு பெத்த புள்ள? வீட்ல தேட மாட்டாகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பணியில் இருந்த டாக்டரம்மா சர்க்கரை பார்த்தார், சரியாக இருந்தது. பக்கவாதமா என்று கைகால் பார்த்தார், அதுவும் இல்லை. தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் நான்கையும் சேர்த்து யோசித்தவர், கால்சியம் பார்க்க ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பினார். மத்தியானத்துக்கு முன்னால் முடிவு வந்தது. கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டரம்மா எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"சார், வைட்டமின் டி அதிகமானா இப்படி ஏறும். ஆனா வாரம் ஒண்ணுதான்னு மூத்த மருமக அடிச்சுச் சொல்றாங்க. வாரம் ஒண்ணுக்கு இவ்வளவு ஏறாது. அப்ப அடுத்து புத்துநோய் இருக்கான்னுதான் தேடணும். வேற எங்கிருந்தாவது உள்ள போகுதான்னு நீங்க கொஞ்சம் பாருங்க. கிட்னி தாங்காது, சீக்கிரம்."

புற்றுநோய் என்ற சொல் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. வராந்தாவில் மருமகள்கள் கூடிவிட்டார்கள். லெட்சுமி மீனாவைப் பிடித்துக்கொண்டார். "மத்த நாளெல்லாம் நல்லா இருந்த மனுசன், ஒன் மொறையில மட்டும் எப்புடிடி விழுவாரு? என்னத்தப் போட்டுக் குடுத்த?" மீனா அழுதுகொண்டிருந்தாள். உள்ளே கிடப்பவர் பிழைக்காவிட்டால் இந்தப் பழி அவளை ஆயுசுக்கும் விடாது என்று தெரிந்தது.

அவளை மட்டும் தனியே கூப்பிட்டேன். "அழுகாத தாயி. அவருக்கு நீ குடுக்குற மருந்து எல்லாத்தையும் எடு." கூடைக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். அதில் பாதிக்குமேல் தீர்ந்துபோன ஒரு அட்டைப்பெட்டி. வைட்டமின் டி, அறுபதாயிரம்.

"இது லெட்சுமியக்கா வீட்லேருந்து எடுத்துட்டு வந்ததா?"

"இல்லீங்கக்கா. இது எங்க வீட்டுது. மெடிக்கல்ல வாங்குனது. சனிக்கெழம சனிக்கெழம குடுப்பேன்."

"சனிக்கெழமயா? ஏன்?"

"அன்னைக்குத்தான மாமா எங்க வீட்டு மொறை?"

எனக்குப் பொறி தட்டியது. கருப்பையாவுக்கு ஆறு மகன்கள். சொத்தைப் பாகம் பிரித்த பிறகு சாப்பாட்டுக்கு முறை வைத்திருந்தார்கள். திங்கள் மூத்தவன் வீடு, செவ்வாய் அடுத்தவன் வீடு, இப்படியே சனிக்கிழமை கடைசி மகன் வீடு. ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டில் கறி எடுக்கிறார்களோ அங்கே. போர்வெல் தண்ணீரைப் பங்கு பிரிக்கும்போது வந்த தகராறில் ஆறு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு வீட்டுத் தட்டு அடுத்த வீட்டுக்குப் போகாது. அவருக்கு ஆறு வீட்டிலும் ஆறு தலையணை.

வராந்தாவுக்கு ஓடி, ஆறு பேரையும் சன்னலுக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினேன். சந்தானம் சார் உள்ளேயிருந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மாமனாருக்கு வைட்டமின் டி எப்படிக் குடுக்குறீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார்.

"வாரத்துக்கு ஒண்ணு, சாப்புட்ட பெறகு பால்ல" என்றார் லெட்சுமி. அடுத்தவரும் அதையேதான் சொன்னார். மூன்றாமவர், "வாரம் ஒண்ணுதாங்க. டாக்டர் சீட்டு போட்டோவ எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்லேருந்து அண்ணன் தம்பிக வாட்சப் குரூப்புல போட்டாரு, அதப் பாத்துத்தான் வாங்குனேன்" என்றார். நான்காமவர், ஐந்தாமவர், மீனா. ஆறு பேரும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். சார் வைத்த பரீட்சையில் ஆறு பேருக்கும் நூற்றுக்கு நூறு! மனிதர் மட்டும் உள்ளே செத்துக்கொண்டிருந்தார்.

சார் எழுந்து நின்றார். தன் கையையே ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு பலகையில் ஓங்கி ஒரு அடி. "ஆறு! கோமதி, வாரத்துக்கு ஆறு! ஓடும்மா, டாக்டர்ட்டச் சொல்லு!"

நான் அப்படி ஓடியது அதுதான் கடைசி. செருப்பு ஒன்று வழியிலேயே கிடந்துவிட்டது. டாக்டரம்மா கேட்டதும் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அப்ப கேன்சரா இருக்காதுக்கா! இத இறக்கிடலாம்!" என்று கத்தியேவிட்டார். எட்டு வாரத்தோடு ஏன் நிறுத்தவில்லை என்று பிறகு கேட்டதற்கு, ஆறு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "சத்துதானங்க, நல்லதுதானன்னு..."

அங்கேதான் இருக்கிறது விஷயம். பி, சி வைட்டமின்கள் நீரில் கரைபவை. மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். அதற்காக அவற்றை அள்ளி விழுங்கச் சொல்லவில்லை. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. மிஞ்சியது உடம்பின் கொழுப்புக்குள் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும், போ என்றாலும் போகாது. வைட்டமின் டி மிஞ்சினால் கால்சியத்தை ரத்தத்தில் கொண்டுவந்து குவிக்கும். அது சிறுநீரகத்தையும் மூளையையும் மிதிக்கும்.

அன்றே அவரைப் புதுக்கோட்டைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆறு வீட்டிலும் வாரம் ஒன்று, ஆக வாரத்துக்கு ஆறு என்று டாக்டரம்மா சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். அங்கே சலைன் ஏற்றினார்கள், கால்சியத்தை இறக்க மருந்து கொடுத்தார்கள். பால், தயிர், வெயில் மூன்றும் கூடாது என்றார்கள். நான் நினைத்ததைவிட மெதுவாகத்தான் இறங்கியது. கொழுப்பில் உட்கார்ந்தது ஒரே நாளில் எழுந்திருக்குமா? இறங்கும், கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு நாளும் மீனா எனக்குப் போன் செய்வாள். நான் அன்றைய கால்சியம் அளவைக் கேட்பேன், சாரிடம் சொல்வேன், அவர் பேனாவைத் திருகிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கவுண்டரில் கூட்டம் நெரியும்போது போன் அடித்தது. எடுத்தால் ஒரே அழுகை. எனக்கு உயிரே போய்விட்டது. "என்ன ஆச்சு மீனா? சொல்லு!"

"அக்கா... மாமா என்னையப் பேர் சொல்லிக் கூப்புட்டாருக்கா! 'மீனா, ஒன் வீட்டுக் குழம்புல இனிமேலாவது உப்புப் போடு'ன்னாருக்கா!"

நான் சன்னலுக்குள் நின்று ஓவென்று சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. வரிசையில் நின்றவர்கள் இந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே! சார் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "உப்பு கொஞ்சமாப் போடும்மா" என்றார். மறுநாளிலிருந்து எங்கள் சன்னலில் கை எழும்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கூடியது: "இத வேற யாராவது அவருக்குக் குடுக்குறாங்களா?" தேன்மொழி, நீ ஒட்டப்போகிற காகிதத்தில் இதை மட்டும் பெரிய எழுத்தில் போடு.

சில மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனைக்குக் கருப்பையா தன் காலால் நடந்து வந்தார். பின்னால் ஆறு மருமகள்களும். லெட்சுமியும் மீனாவும் ஒரே ஆட்டோவில் வந்திருந்தார்கள், பேசிக்கொள்ளத்தான் இல்லை. கால்சியம் சரியாகிவிட்டது, வைட்டமின் டி-யும் இறங்கிவிட்டது. டாக்டரம்மா சீட்டைப் படித்துக்காட்டினார். நானும் சாரும் வேலையை விட்டுவிட்டு அங்கே போய் நின்றோம்.

"இனிமே நான் வெயில்ல போலாமாம்மா?" என்று கேட்டார் கருப்பையா.

"தாராளமாப் போங்க ஐயா." டாக்டரம்மா சீட்டை மடித்துக்கொண்டே கேட்டார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. காலம்பூரா கொல்லையில வெயில்ல கெடந்த ஒங்களுக்கு, மொதமொதல்ல வைட்டமின் டி எப்படிக் கொறைஞ்சுச்சு? வெயில்ல நின்னாலே தோல் அதத் தயார் பண்ணிக்குமே?"

கருப்பையா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"பாகம் பிரிச்சுக் குடுத்துட்டேன்லம்மா. அதுக்குப் பெறகு எனக்குன்னு போய் நிக்க ஒரு வரப்பு இல்ல. ஒவ்வொரு வீட்லயும் சோத்துக்கு ஒக்காந்திருந்தேன். வீட்டுக்குள்ள வெயிலு வராதுல்ல."

இத்தனை வருடம் எத்தனையோ குறைகளுக்கு மாத்திரை கொடுத்தவள் நான், இந்தக் குறைக்கு எங்கள் அலமாரியில் எதுவும் இல்லை. லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மீனாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு எங்க கொல்லையில மல்லிக எடுக்கணும் மாமா. ஆளு பத்தல. வாரீகளா?"

"எதுக்குடி நாளைக்கு?" என்றார் லெட்சுமி. வராந்தாவில் ஏசிய பிறகு அவளிடம் அவர் நேருக்கு நேர் பேசியது அன்றுதான். "எங்க கொல்லையில இன்னைக்கே களை மண்டிக் கெடக்கு."

கருப்பையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெஞ்சுக்கு அடியில் காலை விட்டுச் செருப்பைத் தேடினார்.

"ஏன்டி சண்ட போடுறீங்க? பொழுது எறங்க இன்னும் நேரம் கெடக்கு. ரெண்டு கொல்லைக்கும் வாரேன், ஆட்டோவக் கூப்புடு!"